வீடு நிறையும் முன் குழாயும் ஃபேர்னஸும்: வாசகர் கேள்வி பதில்

நத்தார் விடுமுறையும் அதன் கையோடு தைப்பொங்கலும் வருகின்றன. மொன்றியலில் இருந்தும் லண்டனில் இருந்தும் ஊரில் இருந்தும் உறவினர் ரொறொன்ரோ வட்டாரத்து வீடுகளில் வந்து இறங்கும் காலம் இது. இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சுடுதண்ணீர், அடைப்பு, குளிர்ந்துபோன பேஸ்மென்ற் பற்றியவை. குழாய் வேலையும் காஸ் வேலையும் தெரிந்தவர்கள் பதில் தருகிறார்கள். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நாலு பேருக்குப் பழகிய வீட்டில் பதினொரு பேர் தங்கும்போது புதுப் பழுது எதுவும் முளைப்பதில்லை, இருந்த பழுதுதான் வெளியே வருகிறது. ஆகவே இங்கே சொல்லும் சோதனைகளை ஆட்கள் வருவதற்குப் பத்து நாள் முன்பே செய்யுங்கள். டிசம்பர் 24 மாலையில் உதிரிப்பாகக் கடையும் திறந்திருக்காது, வேலைக்காரரும் கிடைக்கமாட்டார்.

எங்கள் வீட்டில் 50 கலன் சுடுதண்ணீர் ராங்க், காஸில் ஓடுவது. நாங்கள் நால்வர் இருக்கும்போது குறையில்லை. போன நத்தாருக்கு ஏழு பேர் வந்தார்கள். காலையில் மூன்றாவதாகக் குளிக்கப் போன மாமி பச்சைத்தண்ணீரில் நடுங்கிக்கொண்டு வந்தார். பெரிய ராங்க் போட வேண்டுமா?
– வாசகி, ஸ்காபரோ

ராங்கை மாற்றுவதற்கு முன் கணக்கைப் பாருங்கள். 50 கலன் என்பது 189 லீற்றர். மேலே சுடுதண்ணீர் போகப் போகக் கீழே குளிர்தண்ணீர் வந்து சேர்வதால், நல்ல சூட்டோடு கிடைப்பது அதில் 70 விழுக்காடு அளவு, அதாவது 130 லீற்றர். ஏரியில் இருந்து வரும் குழாய்த்தண்ணீர் நடுக்குளிரில் 4 பாகை வரை இறங்கிவிடும். ராங்க் 60 பாகையில் இருக்க, 40 பாகைத் தண்ணீரில் குளிப்பதென்றால் ஷவரில் விழுவதில் 64 விழுக்காடு ராங்கில் இருந்து வரவேண்டும். கோடையில் குழாய்த்தண்ணீர் 18 பாகையில் வரும்போது 52 விழுக்காடு போதும். ஆகவே அதே ராங்க் குளிர்காலத்தில் சிறிய ராங்க் ஆகிவிடுகிறது.

பழைய ஷவர் தலை நிமிடத்துக்கு 9.5 லீற்றர் விடும். ஒருவர் பத்து நிமிடம் நின்றால் 61 லீற்றர் சுடுதண்ணீர் போகும். இருவருக்கு 122. மூன்றாவது ஆள் சவர்க்காரம் கழுவும் நேரத்தில் ராங்க் ஓய்ந்துவிடும். மாமிக்கு நடந்தது இதுதான். நிமிடத்துக்கு 5.7 லீற்றர் விடும் ஷவர் தலையை மாட்டினால் ஒரு குளிப்புக்கு 37 லீற்றர்தான் செலவு. நடுவில் ராங்கின் அடுப்பும் எரிந்து சூடாக்கிக்கொண்டிருப்பதால் நாலைந்து பேர் வரிசையாகக் குளிக்கலாம். மாற்றுவது பத்து நிமிட வேலை. பழைய தலையைத் துணி சுற்றிய குறட்டால் கழற்றி, குழாயின் மறையில் ஒட்டியிருக்கும் பழைய நாடாவைச் சுரண்டி எடுங்கள். குழாயின் வாயை உங்கள் பக்கம் பார்க்க வைத்து, வெள்ளை நூல்நாடாவை வலஞ்சுழியாக மூன்று நாலு சுற்றுச் சுற்றுங்கள். புதிய தலையைக் கையால் இறுக்கி, பிறகு கால் சுற்று. அதற்கு மேல் வேண்டாம், பிளாஸ்ரிக் மறை வெடித்துவிடும்.

காலியான ராங்க் மறுபடி முழுதாகச் சூடேற, மணிக்கு 40,000 பி.ரி.யு. (வெப்ப அலகு) அடுப்புள்ள காஸ் ராங்குக்கு ஒன்றேகால் மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். 4,500 வாற் மின்சார ராங்கானால் இரண்டரை மணிக்கும் மேல். ஆகவே பாதிப் பேர் இரவில் குளிக்கட்டும். உடுப்புத் துவைப்பதைப் பகலுக்குத் தள்ளி, குளிர்தண்ணீரில் போடுங்கள்.

சூட்டைக் கூட்டிவைத்தால் என்ன என்று கேட்பீர்கள். ராங்குக்குள் 60 பாகை இருக்கத்தான் வேண்டும், சூடு குறைந்தால் லெஜியோனெல்லா என்ற கிருமி வளரக்கூடும். ஆனால் 60 பாகைத் தண்ணீர் நேரே கையில் விழுந்தால் சில வினாடிகளில் தோல் வெந்துவிடும். அதனால்தான் ராங்குக்கு மேலே கலப்பு வால்வ் ஒன்றை வைத்து, குழாய்க்குப் போகும் தண்ணீரை 49 பாகைக்குக் குறைக்கிறார்கள். உங்கள் ராங்கின் மேல் குளிர், சூடு இரண்டும் சேரும் பித்தளை வால்வ் ஒன்று இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால், சின்னப் பிள்ளைகளும் முதியவர்களும் வரும் நேரத்தில் சூட்டைக் கூட்டவே வேண்டாம்.

ராங்க் சூடேறும்போது சோளம் பொரிவதுபோலச் சத்தம் கேட்டால் அடியில் சுண்ணாம்புப் படிவு சேர்ந்திருக்கிறது. அடியில் உள்ள வடிகுழாயில் தோட்டத்துக் குழாயை மாட்டி, தரை வடிகாலுக்குள் 15 லீற்றர் வரை வேகமாக விட்டால் படிவு வெளியேறும். ஆனால் பல வருடமாகத் திறக்காத பிளாஸ்ரிக் வடிகுழாய், திறந்தபின் சரியாக மூடாமல் சொட்டத் தொடங்கும். விருந்தினர் வருவதற்கு இரண்டு நாள் இருக்கும்போது இதில் கைவைக்காதீர்கள். முக்கால் அங்குலப் பித்தளை மூடி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள், சொட்டினால் அதை மேலே திருகிவிடலாம். ஒன்ராறியோவில் பல வீடுகளில் ராங்க் வாடகைக்கு எடுத்தது. உங்களுடையதும் அப்படியானால் எதையும் கழற்றாமல் வாடகை நிறுவனத்தை அழையுங்கள், திருத்துவது பெரும்பாலும் அவர்கள் பொறுப்பு.

விருந்துக்குச் சமைக்கும் ஒவ்வொரு முறையும் கிச்சின் சிங்க் அடைக்கிறது. கடையில் விற்கும் திராவகத்தை ஊற்றுவோம், இரண்டு வாரத்தில் திரும்ப அடைக்கும்.
– வாசகர், அஜாக்ஸ்

அடைப்பது எண்ணெய். தேங்காய் எண்ணெய் 24 பாகையிலேயே உறையும், ஆட்டுக்கொழுப்பும் நெய்யும் அதைவிடச் சீக்கிரம் கட்டியாகும். சிங்க்கில் இருந்து போகும் குழாய் வெளிச்சுவரை ஒட்டி இறங்கினால், குளிர்காலத்தில் அதன் உட்பக்கம் குளிர்சாதனப் பெட்டிபோல இருக்கும். சுடுதண்ணீரோடு கரைந்து போகும் எண்ணெய் இரண்டு மூன்று மீற்றர் தாண்டியதும் குழாயின் சுவரில் படியும். அதில் சோறு, தேங்காய்ப்பூ, பருப்பு, கறிவேப்பிலை ஒட்டும். திராவகம் நடுவில் ஒரு துளை போடுமே தவிர, படிந்ததை எடுக்காது. அடைபட்டு நிற்கும் குழாயில் அதை ஊற்றினால், பிறகு குழாயைக் கழற்றுபவரின் கையிலும் கண்ணிலும்தான் தெறிக்கும். இனி வாங்காதீர்கள்.

இன்றே ஒரு சோதனை செய்யுங்கள். சிங்க்கின் இரண்டு தொட்டியையும் வாய்வரை நிரப்பி, இரண்டு அடைப்பானையும் ஒரே நேரத்தில் எடுங்கள். சுழித்துக்கொண்டு மளமளவென்று இறங்கினால் குழாய் நன்றாக இருக்கிறது. களக் களக் என்று சத்தமிட்டு மெதுவாக இறங்கினால் பாதி அடைத்திருக்கிறது. சாதாரண நாளில் சமாளிக்கும் குழாய், நாற்பது கோப்பை கழுவும் நாளில் நின்றுவிடும்.

சிங்க்குக்குக் கீழே வளைந்திருக்கும் குழாயின் அடியில் வாளியை வையுங்கள். அதன் இரு முனையிலும் உள்ள பெரிய நட்டுகளைக் கையாலேயே கழற்றலாம். வளைவைக் கழுவி, உள்ளே இருக்கும் வெள்ளை வளையத்தை அது இருந்த பக்கமாகவே திருப்பிப் போடுங்கள், சரிவான பக்கம் குழாய் மூட்டின் பக்கம் இருக்கவேண்டும். வளைவு சுத்தமாக இருந்தால் அடைப்பு சுவருக்குள். 7 மீற்றர் அளவுள்ள கைச்சுழற்றுக் கம்பியைச் சுவர்க் குழாய்க்குள் விட்டு, தடுக்கும் இடத்தில் முன்னும் பின்னும் சுழற்றி, கொழுக்கியில் மாட்டியதை இழுத்து எடுங்கள். பிறகு சுடுதண்ணீரை ஐந்து நிமிடம் விடுங்கள்.

சமைக்கிற நாளில் தாச்சியையும் கோப்பையையும் கழுவும் முன் காகிதத் துண்டால் துடைத்து, அந்தக் காகிதத்தைப் பச்சைக் கழிவுத்தொட்டியில் போடச் சொல்லுங்கள். உதவிக்கு வரும் மச்சாள்மாருக்கு இது தெரியாது. சிங்க்குக்கு மேலே ஒரு துண்டில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

இன்னொன்று. மேல்மாடியில் குளிக்கும்போதோ துவைக்கும் இயந்திரம் தண்ணீர் விடும்போதோ பேஸ்மென்ற் தரை வடிகாலில் தண்ணீர் மேலெழுந்தால் அது கிச்சின் பிரச்சினை இல்லை, வீட்டின் தாய்க்குழாய் அடைத்திருக்கிறது. பழைய களிமண் குழாயுள்ள வீடுகளில் மர வேர் புகுந்திருக்கும். வீட்டில் எல்லோரையும் தண்ணீர் பாவிப்பதை நிறுத்தச் சொல்லுங்கள். ரொறொன்ரோ நகருக்குள் என்றால் முதலில் நகரசபையின் 311 இலக்கத்தை அழையுங்கள், நகரத்துக்குச் சொந்தமான பகுதியை அவர்கள் வந்து பார்ப்பார்கள்.

விருந்தினருக்கு ஒதுக்கிய பேஸ்மென்ற் அறையில் சாக்கடை மணம். எங்கும் கசிவு தெரியவில்லை.
– வாசகி, பிராம்ரன்

தரை வடிகாலின் வளைவில் நிற்கும் தண்ணீர்தான் சாக்கடைக் காற்றைத் தடுக்கும் கதவு. வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸ் ஓடும் மாதங்களில் வீட்டுக்காற்று காய்ந்திருப்பதால் அந்தத் தண்ணீர் வற்றிவிடும். தரை வடிகால், பாவிக்காத ஷவர், பாவிக்காத சிங்க் ஒவ்வொன்றிலும் இரண்டு லீற்றர் தண்ணீர் ஊற்றுங்கள். தரை வடிகாலில் அதன்மேல் இரண்டு மேசைக்கரண்டி சமையல் எண்ணெய் விட்டால் அது தண்ணீருக்கு மேல் படலமாக நின்று, வற்றுவதைத் தாமதமாக்கும். பாவிக்காத ரொய்லெற்றையும் ஒருமுறை தள்ளிவிடுங்கள். இத்தனைக்குப் பிறகும் மணம் நின்றால், ரொய்லெற் அடியில் உள்ள மெழுகு வளையம் விட்டிருக்கலாம். உட்கார்ந்தால் ரொய்லெற் ஆடுகிறதா என்று பாருங்கள்.

மேல்மாடியில் வியர்க்கிறது, பேஸ்மென்ற்றில் படுப்பவர்களுக்கு விறைக்கிறது. மேலே சூடுகாற்று வரும் வெண்ற் எல்லாவற்றையும் மூடிவிடலாமா?
– வாசகர், மார்க்கம்

எல்லாவற்றையும் மூடாதீர்கள். ஃபேர்னஸ் தள்ளும் காற்றுக்குப் போக வழி குறைந்தால் உள்ளே சூடு தேங்கும், பாதுகாப்புச் சுவிற்ச் அதை அணைத்துவிடும். மேல்மாடியில் இரண்டு மூன்றைப் பாதி மூடலாம், அவ்வளவுதான். அதைவிட நல்ல வழி, ஃபேர்னஸில் இருந்து பிரியும் தகரக் குழாய்களில் இருக்கிறது. வட்டக் குழாயின் பக்கத்தில் சிறு பிடி ஒன்று தெரியும். அது குழாயின் நீளத்துக்கு இருந்தால் திறப்பு, குறுக்கே நின்றால் மூடல். மேலே போகும் குழாய்களைக் கால்வாசி மூடி, பேஸ்மென்ற்றுக்குப் பிரிவதை முழுதாகத் திறந்துவிடுங்கள். பழைய நிலையை மார்க்கரால் கோடிட்டு வையுங்கள். தெர்மோஸ்ராற்றில் மின்விசிறியை ‘ஓட்டோ’வில் இருந்து ‘ஒன்’னுக்கு மாற்றினால் மாடிகளுக்கு இடையே காற்று கலந்து வித்தியாசம் குறையும். ஒரு நாள் விட்டுப் பாருங்கள்.

பிறகு மெத்தைகளைப் பாருங்கள். விருந்தினர் வரும் வீடுகளில் ஃபேர்னஸ் திணறுவதற்கு இதுதான் முக்கிய காரணம். சுவரின் அடியில் காற்றை உள்ளே இழுக்கும் பெரிய கிறில்லை மறைத்து மெத்தையையும் பெட்டிகளையும் அடுக்கிவிடுவார்கள். அதற்கு முன்னால் ஓரடியாவது வெறுமையாக இருக்கவேண்டும்.

தனி ஹீற்றர் வைப்பதானால் 1,500 வாற் ஹீற்றர் ஒன்று 12.5 அம்பியர் இழுக்கும். அறைக்குரிய மின்சுற்று பெரும்பாலும் 15 அம்பியர். அதே சுற்றில் இன்னொரு ஹீற்றரையோ கேத்திலையோ போட்டால் பிரேக்கர் விழும். நீட்டு வயரில் ஒருபோதும் மாட்டாதீர்கள், நேரே சுவரில்தான். கட்டிலில் இருந்தும் திரைச்சீலையில் இருந்தும் ஒரு மீற்றர் தள்ளி வைத்து, தூங்கப் போகும்போது அணைக்கச் சொல்லுங்கள்.

ரொய்லெற் பக்கத்தில் கைக்குழாய் பூட்டியிருக்கிறோம். ஒரு நண்பர் வீட்டில் அது வெடித்துச் சீலிங் விழுந்ததாம். ஆட்கள் நிறைய வரும்போது பயமாக இருக்கிறது.
– வாசகி, மிசிசாகா

பயத்துக்குக் காரணம் உண்டு. நம்மவர் வீடுகளில் அதிகம் பூட்டப்படுவதும் மிகக் குறைவாகக் கவனிக்கப்படுவதும் இதுதான். கைப்பிடியை விட்டதும் தண்ணீர் நிற்கிறது, ஆனால் பின்னால் இருக்கும் குழாய்க்குள் வீட்டின் முழு அழுத்தமும் நின்றுகொண்டிருக்கும். மலிவான சுருள் குழாய் இரவுபகலாக அந்த அழுத்தத்தைத் தாங்காது. முடிவில் கைப்பிடியோடு சேரும் இடத்தில் பிய்யும், அல்லது ரொய்லெற் தொட்டியின் அடியில் கைக்குழாய்க்குத் தண்ணீரைப் பிரித்துவிடும் பிளாஸ்ரிக் முப்பிரிவு வெடிக்கும். நள்ளிரவில் மேல்மாடியில் நடந்தால் காலைக்குள் கீழ்மாடிச் சீலிங் இறங்கிவிடும்.

முப்பிரிவில் ஒரு சின்ன நெம்பு இருக்கிறது. ஒவ்வொரு முறையும் கழுவி முடிந்ததும் அதை மூடிவிட்டு, கைப்பிடியை அழுத்திக் குழாயில் மிஞ்சிய அழுத்தத்தை விடவேண்டும். வீட்டார் செய்வீர்கள், விருந்தினர் செய்யமாட்டார்கள். ஆகவே பொருளை மாற்றுங்கள். பித்தளை முப்பிரிவு, எஃகு நூல் பின்னிய குழாய், உலோகக் கைப்பிடி இந்த மூன்றும் இருக்கவேண்டும். முப்பிரிவின் 7/8 அங்குல மறையில் உள்ள இறப்பர் வளையம் இருக்கிறதா பார்த்து, கையால் இறுக்கி, கால் சுற்றுத் திருகுங்கள். பூட்டிய பிறகு காய்ந்த காகிதத் துண்டை ஒவ்வொரு மூட்டிலும் சுற்றி ஒரு இரவு விட்டால், ஒரு துளி கசிந்தாலும் காகிதம் காட்டிக்கொடுக்கும்.

வீட்டில் உள்ள பெரியவர் இருவருக்காவது தண்ணீரின் தாய் வால்வ் எங்கே என்று தெரியவேண்டும். பேஸ்மென்ற்றில் வீதிப்பக்கச் சுவரில், தண்ணீர் மீற்றருக்குப் பக்கத்தில் இருக்கும். நெம்புக்கைப்பிடி என்றால் கால் சுற்றில் மூடும். வட்டச்சில்லு வைத்த பழைய வால்வ் என்றால் இப்போதே மெதுவாக மூடித் திறந்து பாருங்கள். இறுகியிருந்தால் பலாத்காரம் செய்யாமல் குழாய்க்காரரைக் கொண்டு மாற்றுங்கள். தண்ணீர் பாயும் நேரத்தில் சுற்றிக்கொண்டே இருந்தும் மூடாத வால்வால் பயனில்லை. அதன் முன்னால் விருந்தினர் பெட்டிகளை அடுக்காதீர்கள்.

போன வருடம் டிசம்பர் 25 இரவு ஃபேர்னஸ் நின்றுவிட்டது. அவசர அழைப்புக்கு வந்தவர் ஐந்து நிமிடத்தில் திருத்திவிட்டுப் பெரிய தொகை வாங்கினார். நாங்களே எவற்றைப் பார்க்கலாம்?
– வாசகர், ஸ்காபரோ

ஐந்து நிமிடத்தில் திருத்தக்கூடியவை சில இருக்கின்றன. வரிசையாகப் பாருங்கள்.

முதலில் சுவிற்ச். பேஸ்மென்ற் படிக்கட்டின் மேல் பகுதியிலோ ஃபேர்னஸின் பக்கத்திலோ, சாதாரண விளக்குச் சுவிற்ச் போன்ற ஒன்று ஃபேர்னஸுக்கு மின்சாரம் கொடுக்கும். சிலவற்றின் தகடு சிவப்பு. பேஸ்மென்ற்றில் படுக்கப் போன விருந்தினர் விளக்கென்று நினைத்து அதை அணைத்துவிடுவார். இப்போதே அதன்மேல் பட்டை ஒட்டி ‘ஃபேர்னஸ், தொடவேண்டாம்’ என்று எழுதுங்கள். பிறகு பிரேக்கர். பிறகு தெர்மோஸ்ராற் பற்றரி, இரண்டு ஏஏ பற்றரி மாற்றினால் போதும்.

அடுத்தது பில்ரர். அளவு அதன் விளிம்பில் அச்சிட்டிருக்கும், 16×25×1 என்பதுபோல. அம்புக்குறி ஃபேர்னஸின் பக்கம் பார்க்கவேண்டும். அடைத்த பில்ரரால் காற்று குறைந்து உள்ளே சூடு மிஞ்சும். பாதுகாப்புச் சுவிற்ச் அடுப்பை அணைக்கும், விசிறி மட்டும் ஓடிக் குளிர்காற்று வரும், ஆறியதும் திரும்பப் பற்றும். இப்படிப் பலமுறை ஆனால் ஃபேர்னஸ் தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும். ‘கூடுதல் சுத்தம்’ என்று ஓரங்குல மேர்வ் 13 பில்ரர் (மேர்வ் என்பது பில்ரரின் நுணுக்க அளவு) போடுவது பல வீடுகளில் இதே தொல்லையைக் கொடுக்கிறது. ஓரங்குல இடத்துக்கு மேர்வ் 8 போதும். பில்ரர் மாற்றியபின் ஃபேர்னஸின் முன்கதவைச் சரியாக அழுத்தி மூடுங்கள். கதவுக்குப் பின்னால் ஒரு சிறு பொத்தான் இருக்கிறது, அது அமுங்காவிட்டால் இயந்திரம் உயிர் பெறாது.

வெளியே போய்ப் பாருங்கள். உயர்திறன் ஃபேர்னஸின் இரண்டு பிளாஸ்ரிக் குழாய்கள் வீட்டின் பக்கச்சுவரில் வெளிவரும். விருந்தினர் கார் நிறுத்த இடம் வேண்டும் என்று வழிக்கும் பனியை அந்தப் பக்கம் குவித்து, குழாயை மூடிவிடுவார்கள். சுற்றி ஓரடிக்குப் பனியை அகற்றுங்கள். குழாய் வாயில் பனிக்கட்டி தொங்கினால் கையால் மெதுவாக எடுங்கள், தட்டி உடைத்தால் துண்டு உள்ளே விழும்.

உயர்திறன் ஃபேர்னஸ் ஒரு நாளில் பல லீற்றர் தண்ணீர் கழிக்கும். அது தரை வடிகாலுக்குப் போகும் மெல்லிய குழாய் மடிந்தாலோ, அதன்மேல் பெட்டி வைத்தாலோ தண்ணீர் உள்ளே நிரம்பி ஃபேர்னஸ் நிற்கும். குழாயின் வளைவைப் பாருங்கள்.

இத்தனைக்கும் சரிவராவிட்டால், கதவில் உள்ள சின்னக் கண்ணாடித் துளைக்குள் மினுங்கும் விளக்கைக் கவனியுங்கள். எத்தனை தரம் மினுங்கி நிறுத்துகிறது என்று எண்ணி எழுதுங்கள். தொழிலாளரை அழைக்கும்போது அந்த எண்ணைச் சொன்னால், தேவையான பாகத்தோடு வருவார். காஸ் பகுதியை நீங்கள் தொடவே கூடாது. வருபவரிடம் ஒன்ராறியோவின் தொழில்நுட்பப் பாதுகாப்பு அமைப்பான ரி.எஸ்.எஸ்.ஏ. கொடுத்த காஸ் உரிம அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள், காட்டுவது அவர் கடமை.

முப்பது பேருக்குச் சமைத்த நாளில் காபன் மொனொக்சைட் அலாரம் அடித்தது. சமையல் புகைதானே என்று பற்றரியைக் கழற்றிவிட்டோம். சரியா?
– வாசகர், விற்பி

தயவுசெய்து இனி அப்படிச் செய்யாதீர்கள். அந்த அலாரம் தாளித்த புகைக்கு அடிப்பதில்லை, காபன் மொனொக்சைட் என்ற நச்சு வாயுவுக்குத்தான் அடிக்கும்.

உங்கள் வீட்டில் நடந்திருக்கக்கூடியதைச் சொல்கிறோம். காஸில் ஓடும் பழைய வகைச் சுடுதண்ணீர் ராங்கின் புகை, விசிறி உதவி இல்லாமல் தன் சூட்டினால் மட்டுமே புகைபோக்கியில் ஏறும். சமையல் அடுப்புக்கு மேல் பெரிய ஹூட் விசிறியை முழு வேகத்தில் விட்டு, குளியலறை விசிறிகளும் ஓடி, குளிருக்கு எல்லா ஜன்னலும் மூடியிருந்தால், வீட்டுக்குள் காற்றழுத்தம் குறையும். விசிறி வெளியே தள்ளிய காற்றுக்குப் பதில் காற்று எங்கிருந்தாவது வரவேண்டும், சுலபமான வழி ராங்கின் புகைபோக்கி. மேலே போகவேண்டிய எரிபுகை கீழே இறங்கி வீட்டுக்குள் பரவும்.

சோதிப்பது சுலபம். கதவு ஜன்னலை மூடி, எல்லா விசிறிகளையும் முழு வேகத்தில் விடுங்கள். சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து ராங்கின் அடுப்பைப் பற்றவையுங்கள். ஐந்து நிமிடம் கழித்து, ராங்கின் மேல் இருக்கும் தகரக் குடையின் விளிம்பில் எரியும் ஊதுபத்தியைப் பிடியுங்கள். புகை குடைக்குள் இழுபட வேண்டும். உங்கள் முகத்துக்கு வந்தால் விசிறிகளை நிறுத்தி ஜன்னலைத் திறந்து, உரிமம் பெற்றவரை அழையுங்கள். அது வரை ஹூட் விசிறி ஓடும்போது கிச்சின் ஜன்னல் நாலு விரலுக்குத் திறந்தே இருக்கட்டும்.

2008 டிசம்பரில் ஒன்ராறியோவின் வூட்ஸ்ரொக் நகரில், காஸ் கணப்பின் புகைபோக்கி அடைத்து ஒரு குடும்பத்தின் நால்வரும் இறந்தார்கள். அவர்கள் பெயரால் வந்த சட்டம்தான் 2014 முதல் இந்த அலாரத்தைக் கட்டாயமாக்கியது. 2026 ஜனவரி 1 முதல், காஸ் சாதனமோ ஒட்டிய கராஜோ உள்ள வீடுகளில் படுக்கும் இடங்களுக்கு அருகே மட்டுமல்லாமல் ஒவ்வொரு மாடியிலும் இருக்கவேண்டும். பேஸ்மென்ற்றில் விருந்தினர் படுத்தால் அங்கும் ஒன்று. பின்பக்கத்தில் காலாவதித் திகதி இருக்கும், 7 முதல் 10 வருடத்தில் மாற்றவேண்டும். அலாரம் அடித்து, ஒருவருக்காவது தலையிடி, குமட்டல் வந்தால் எல்லோரையும் வெளியே கொண்டுவந்து 911 அழையுங்கள்.

2013 டிசம்பர் பனிமழையில் ரொறொன்ரோவில் நத்தார் நாள் கடந்தும் பல வீடுகளில் மின்சாரம் இல்லை. காஸ் ஃபேர்னஸும் மின்சாரம் இல்லாமல் ஓடாது. அப்போது வீட்டுக்குள்ளும் கராஜிலும் கரி அடுப்பும் ஜெனறேற்றரும் வைத்தவர்கள் இந்த நச்சு வாயுவால் பாதிக்கப்பட்டார்கள். மின்சாரம் போனால் எல்லோரும் ஒரே அறையில் கூடி, மற்றக் கதவுகளை மூடிப் போர்வையோடு இருங்கள். கரியை உள்ளே கொண்டுவராதீர்கள்.

ஆட்கள் கூடினால் ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழிகிறது.
– வாசகி, ஓஷவா

பத்துப் பேரின் மூச்சும் குளிப்பும் சோற்றுப்பானையின் ஆவியும் அது. ஃபேர்னஸில் உள்ள ஈரமூட்டியைக் குறையுங்கள். வெளியே −10 பாகை என்றால் உள்ளே ஈரம் 30 முதல் 35 விழுக்காடு, −20 என்றால் 25 போதும். குளித்தபின் விசிறி அரைமணி ஓடட்டும். இரவில் திரைச்சீலையைக் கொஞ்சம் விலக்கி வைத்தால் கண்ணாடிக்குச் சூடு படும்.

கராஜுக்கு மேல் உள்ள அறையின் குளியலறையில் கடும் குளிர் நாளில் தண்ணீர் வராமல் போகிறது. அந்த அறையைத்தான் அப்பப்பா அப்பம்மாவுக்குக் கொடுக்க இருக்கிறோம்.
– வாசகர், மில்ற்றன்

கராஜ் சீலிங்குக்குள் போகும் குழாய் உறைகிறது. தண்ணீர் பனிக்கட்டியாகும்போது 9 விழுக்காடு பெருக்கும். ஆனால் குழாயைப் பெரும்பாலும் பிளப்பது பனிக்கட்டி பக்கச்சுவரைத் தள்ளுவதல்ல. பனிக்கட்டிக்கும் மூடிய குழாய்வாய்க்கும் நடுவே அகப்பட்ட தண்ணீரின் அழுத்தம் ஏறி, உறையாத இடத்தில்கூடப் பிளக்கும். அதனால்தான் குழாயைச் சற்றுத் திறந்து, நூலளவு தண்ணீர் ஓடவிடச் சொல்கிறோம். சூடு, குளிர் இரண்டையும் அப்படி விடுங்கள். வெளியே −10க்குக் கீழே போகும் இரவுகளில் குளியலறைக் கதவையும் சிங்க்கின் அலுமாரிக் கதவையும் திறந்து வையுங்கள், கராஜ் கதவை மூடியே வையுங்கள். விருந்தினர் காரை வெளியே எடுத்துவிட்டு அதைத் திறந்தபடி விட்டுவிடுவார்கள்.

உறைந்துவிட்டால் முதலில் குழாய்வாயைத் திறந்து வையுங்கள். தலைமுடி உலர்த்தியால் குழாய்வாய்ப் பக்கம் தொடங்கி, உறைந்த இடத்தை நோக்கிச் சூடு காட்டுங்கள். நடுவில் தொடங்கினால் உருகிய தண்ணீருக்குப் போக வழியிருக்காது. நெருப்பு விளக்கால் சூடாக்கவே வேண்டாம், சுவருக்குள் மரம் பற்றும். உருகியதும் கராஜ் சீலிங்கில் ஈரம் படருகிறதா என்று ஒரு மணி நேரம் கவனியுங்கள். பிளந்திருந்தால் உருகும்போதுதான் தெரியும், அப்போது தாய் வால்வுக்கு ஓடுங்கள். வசந்தத்தில் கராஜ் சீலிங்கைத் திறந்து குழாயின் கராஜ் பக்கம் காப்பு அடைத்து, குழாயின் வீட்டுப் பக்கத்தை வெறுமையாக விடவேண்டும். பல வீடுகளில் இதைத் தலைகீழாகச் செய்திருக்கிறார்கள். தோட்டக் குழாய் இன்னும் வெளியே மாட்டியிருந்தால் இன்றே கழற்றுங்கள்.

நாங்கள் ஸ்காபரோவில் பேஸ்மென்ற் வாடகைக்காரர். தெர்மோஸ்ராற் மேலே. வீட்டுக்காரர் குறைத்து வைக்கிறார், எங்களுக்கும் விருந்தினர் வருகிறார்கள்.

ரொறொன்ரோ நகர விதிப்படி குளிர்காலத்தில் வாடகை வீட்டில் 21 பாகைக்குக் குறையக்கூடாது. அறையின் நடுவில் வெப்பமானி வைத்து நாள், நேரத்தோடு படம் எடுங்கள். முதலில் வீட்டுக்காரரோடு பேசுங்கள். பல நேரம் பிரச்சினை தெர்மோஸ்ராற்றில் இல்லை, மேலே சொன்ன தகரக் குழாய்ப் பிடியில் இருக்கும். கேட்காவிட்டால் 311.

விருந்தினர் போனபின் நாங்கள் பத்து நாள் ஊருக்குப் போகிறோம். ஃபேர்னஸை அணைக்கலாமா?
– வாசகி, ஏஜின்கோர்ட்

அணைக்காதீர்கள், 16 பாகையில் விட்டுச் செல்லுங்கள். தாய் வால்வை மூடி, மிகக் கீழேயுள்ள குழாயையும் மிக மேலேயுள்ள குழாயையும் திறந்து தண்ணீரை வடியவிடுங்கள். ரொய்லெற்களையும் தள்ளிவிடுங்கள். சுடுதண்ணீர் ராங்கை ‘வக்கேஷன்’ நிலைக்குத் திருப்புங்கள். இங்கே பல காப்புறுதிப் பத்திரங்களில், குளிர்காலத்தில் நாலு நாளுக்கு மேல் வீடு பூட்டியிருந்தால் தினமும் ஒருவர் வந்து பார்க்கவேண்டும், அல்லது தண்ணீரை மூடி வடித்திருக்கவேண்டும் என்று இருக்கும். உங்கள் பத்திரத்தில் எப்படி என்று போகுமுன் தொலைபேசியில் கேட்டு, பதில் சொன்னவரின் பெயரையும் திகதியையும் எழுதி வையுங்கள். வீட்டுத் திறப்பைக் கொடுத்துவிட்டுப் போகும் அயலவருக்குத் தாய் வால்வையும் ஃபேர்னஸ் சுவிற்ச்சையும் நேரே கூட்டிப்போய்க் காட்டுங்கள்.